புது மெத்தை வாங்கும்போது: கெட்டியா, மெத்தென்றா என்பதைத் தாண்டி

கேள்வி சுருக்கமாக இது. பத்து வருஷத்துக்கு மேல் ஆன ஃபோம் மெத்தை நடுவில் குழிந்துவிட்டது. காலையில் எழுந்தால் கீழ்முதுகு பிடித்துக்கொள்கிறது, குளித்துக் கிளம்பும்போது சரியாகிவிடுகிறது. கேட்டவர் ஒருக்களித்துப் படுப்பவர், 85 கிலோ. மனைவி மல்லாந்து படுப்பவர், 55 கிலோ. ஒருவர் புரண்டால் இன்னொருவருக்கு விழிப்பு வந்துவிடுகிறது. இரவில் வியர்க்கவும் செய்கிறது. கடையில் கேட்டால் "முதுகு வலிக்குக் கெட்டியான ஆர்த்தோ மெத்தைதான்" என்கிறார்கள், தெரிந்தவர்களைக் கேட்டால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எதைப் பார்த்து வாங்குவது?

மெத்தை செய்யும் இடத்திலும் விற்கும் இடத்திலும் பல காலம் புழங்கியவன் நான். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: கெட்டியாக இருப்பது வேறு, உடம்பைத் தாங்குவது வேறு. இரண்டையும் ஒன்றென்று நினைத்துத்தான் பலர் பலகை மாதிரி ஒரு மெத்தையை வாங்கிவந்து, அப்புறம் அதன்மேல் கனமான போர்வையை நாலாக மடித்துப் போட்டுப் படுக்கிறார்கள்.

மெத்தைக்கு வேலை இரண்டு. உடம்பின் எடையைத் தாங்குவதும், கனமான இடுப்புப் பகுதி கீழே போய்விடாமல் பிடித்துக்கொள்வதும் அடிப்பகுதியின் வேலை. தோள், இடுப்பெலும்பு மாதிரி புடைத்திருக்கும் இடங்கள் கொஞ்சம் உள்ளே இறங்க இடம் கொடுப்பது மேலே இருக்கும் இரண்டு மூன்று அங்குலத்தின் வேலை. சிமெண்டுத் தரையைவிடக் கெட்டியான படுக்கை கிடையாது. அதில் ஒருக்களித்துப் படுத்துப் பாருங்கள்: தோளும் இடுப்பும்தான் தரையைத் தொடும், நடுவில் இடை அந்தரத்தில் நிற்கும். முதுகெலும்பு அங்கே வளைந்துதான் இருக்கும், இரவு முழுக்கத் தசைகள் இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கும். ஆகவே அடி உறுதியாக, மேல் இதமாக இருப்பதுதான் பெரும்பாலான உடம்புக்கு ஒத்துவரும்.

இது என் சொந்த அபிப்பிராயம் மட்டும் இல்லை. 2003-ல் லான்செட் மருத்துவ இதழில் ஸ்பெயின் நாட்டு ஆய்வு ஒன்று வந்தது. நாள்பட்ட கீழ்முதுகு வலி உள்ள 313 பேரை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு நல்ல கெட்டியான மெத்தையும் மற்றதற்கு நடுத்தரக் கெட்டி மெத்தையும் கொடுத்து 90 நாள் கழித்துப் பார்த்தார்கள். படுத்திருக்கும்போது இருக்கும் வலி, எழும்போது வரும் வலி, அன்றாட வேலையில் படும் சிரமம் மூன்றிலும் நடுத்தர மெத்தைக்காரர்கள்தான் அதிகம் தேறியிருந்தார்கள். "முதுகு வலியா, கட்டாந்தரையில் படு" என்ற பழைய அறிவுரை அதற்கப்புறமும் கடைகளில் நன்றாகவே ஓடிக்கொண்டிருக்கிறது, அது வேறு கதை.

சரி, வாங்குவதற்கு முன்னால் ஒரு சின்ன விசாரணை செய்யுங்கள். குற்றம் மெத்தையிலா, கட்டிலிலா? பெட்ஷீட்டை உருவிவிட்டு, நேரான நீளமான கம்பு ஒன்றை மெத்தைக்குக் குறுக்கே இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை வையுங்கள். கம்புக்கும் மெத்தைக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியை ஸ்கேலால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் மெத்தையைத் தரையில் போட்டு அதே மாதிரி அளங்கள். தரையிலும் ஒரு அங்குலத்துக்கு மேல் குழி இருந்தால் ஃபோம் செத்துவிட்டது, மாற்றவேண்டியதுதான். தரையில் மட்டமாகிவிட்டால் குற்றவாளி கட்டில். நடுச்சட்டம் தொய்ந்திருக்கும், அல்லது குறுக்குப் பலகைகளில் ஒன்றிரண்டு விரிசல் விட்டிருக்கும். டார்ச் அடித்துக் கட்டிலுக்கு அடியில் பார்த்தால் தெரிந்துவிடும். அதைச் சரிசெய்யாமல் புது மெத்தையைப் போட்டால் அதுவும் அதே இடத்தில் குழியும்; வாரண்டி கேட்டுப் போனால் முதலில் கட்டிலைத்தான் காரணம் காட்டுவார்கள்.

குறுக்குப் பலகை வைத்த கட்டிலாக இருந்தால் பலகைகளுக்கு நடுவே 3 அங்குலத்துக்கு மேல், அதாவது 7, 8 சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது. ஃபோமும் லேடெக்ஸும் (ரப்பர் பால் நுரையில் செய்வது) அந்தச் சந்துகளில் மெல்ல மெல்ல இறங்கிவிடும். இரண்டு பேர் படுக்கும் கட்டிலென்றால் நடுவில் தரையைத் தொடும் தாங்குகால் அவசியம். முழுப் பிளைவுட் போட்ட கட்டில் தாங்கும், ஆனால் அடியில் காற்று போகாது. ஈரப்பதம் அதிகமான இடங்களில் மெத்தையின் அடிப்புறம் பூசணம் பூப்பது பெரும்பாலும் இதனால்தான். பிளைவுட்டில் அங்கங்கே துளை போட்டுவிடுவது நல்லது.

வலியைப் பற்றியும் ஒரு வார்த்தை. எழுந்து நடமாடியதும் அரை மணிக்குள் போய்விடுகிற பிடிப்பு, வெளியூரில் வேறு படுக்கையில் தூங்கினால் வராத பிடிப்பு என்றால் மெத்தையைச் சந்தேகிக்கலாம். நாள் முழுக்க இருக்கும் வலி, காலுக்குள் இறங்கும் வலி, மரத்துப்போவது இதெல்லாம் டாக்டரிடம் போகவேண்டிய சமாசாரம். எந்த மெத்தையும் அதற்கு மருந்தாகாது.

இப்போது உடம்புக்கு வருவோம். ஒருக்களித்துப் படுப்பவருக்குத் தோளும் இடுப்பும் உள்ளே இறங்கவேண்டும். அதனால் மேல் அடுக்கு கொஞ்சம் மென்மையாக, தடிமனாக இருக்கவேண்டும். இல்லையென்றால் தோள் நசுங்கிக் கை மரத்துப்போகும். மல்லாந்து படுப்பவருக்கு நடுத்தரம் போதும், இடுப்பு மட்டும் தொட்டில் கட்டிக்கொள்ளக் கூடாது. குப்புறப் படுப்பவருக்கு இருப்பதிலேயே கெட்டியானது வேண்டும், ஏனென்றால் வயிற்றுப் பகுதி இறங்க இறங்கக் கீழ்முதுகு பின்பக்கம் வளையும். எடையும் இதோடு சேர்ந்தது. 55 கிலோக்காரருக்குக் கெட்டியாகத் தெரியும் அதே மெத்தை 85 கிலோக்காரருக்கு நடுத்தரமாகத் தெரியும், 110 கிலோக்காரருக்கு மெத்தென்று இருக்கும். அதனால்தான் நண்பர் சொன்னார், அக்காள் வாங்கினார் என்று அதே மாடலை வாங்குவதில் அர்த்தமில்லை. கடைக்காரர்கள் சொல்லும் "10-க்கு 6", "10-க்கு 7" என்ற கெட்டி எண்ணும் அந்தந்தக் கம்பெனி தானே போட்டுக்கொள்வது. ஒருவருடைய 6 இன்னொருவருடைய 7.

இனி உள்ளே என்ன இருக்கிறது என்பது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏமாறுவது பெரும்பாலும் இங்கேதான்.

சாதாரண பியூ (பாலியூரிதேன்) ஃபோமிலிருந்து ஆரம்பிக்கலாம். ஃபோமில் கேட்கவேண்டிய முதல் கேள்வி டென்சிட்டி, அதாவது ஒரு கன மீட்டர் ஃபோம் எத்தனை கிலோ என்பது. டென்சிட்டிக்கும் கெட்டித்தன்மைக்கும் நேரடித் தொடர்பு இல்லை. குறைந்த டென்சிட்டியிலும் கல் மாதிரி ஃபோம் ஊற்றலாம், கூடிய டென்சிட்டியிலும் பஞ்சு மாதிரி ஊற்றலாம். டென்சிட்டி காட்டுவது எத்தனை காலம் அது தன் உருவத்தில் நிற்கும் என்பதை. கடையில் கைவைத்து அழுத்தினால் தெரிவது கெட்டி மட்டும். எத்தனை வருஷம் தாங்கும் என்பது கைக்குத் தெரியாது. தினமும் படுக்கும் மெத்தைக்கு 25-க்குக் கீழே உள்ள ஃபோமை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். 30-ஐ ஒட்டி இருந்தால் சுமார். 35, 40 என்று போகும் ஹெச்ஆர் ஃபோம், அதாவது அழுத்தினால் சட்டென்று எழும்பும் ரகம், நன்றாக உழைக்கும், உங்கள் எடைக்கு அதுதான் சரி. மெமரி ஃபோம் என்றால் 50-க்கு மேல் பாருங்கள்.

டென்சிட்டியைச் சொல்லத் தயங்குகிற கடை நிறைய. அதற்கு ஒரு வழி உண்டு. முழுக்க ஒரே ஃபோமால் ஆன மெத்தையென்றால் அட்டைப்பெட்டியில் எடை போட்டிருக்கும். 2 மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலம், 15 சென்டிமீட்டர் தடிமன் உள்ள மெத்தையின் கனஅளவு 0.45 கன மீட்டர். டென்சிட்டி 40 என்று சொன்னால் ஃபோம் மட்டுமே 18 கிலோ இருக்கவேண்டும், கவர் அதற்கு மேல். மொத்தமே 14 கிலோ என்று போட்டிருந்தால் சொன்ன கணக்கு உதைக்கிறது. பல அடுக்குகள் உள்ள மெத்தையில் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. அடியில் ரீபாண்டட் ஃபோம், அதாவது ஃபோம் கழிவுத் துண்டுகளைப் பசையோடு அழுத்திச் செய்வது, அது மட்டுமே கன மீட்டருக்கு 80 கிலோவுக்கு மேல் வரலாம். அதில் எடை கூடுதலாகத் தெரியும். இன்னொரு தந்திரமும் உண்டு: கால்சியம் கார்பனேட் பொடியைக் கலந்து எடை ஏற்றிய ஃபோம். ஜிப்பைத் திறந்து காட்டச் சொல்லி ஓரத்தை இரண்டு விரலால் கிள்ளிப் பாருங்கள். நல்ல ஃபோம் இழுபட்டுத் திரும்பும்; பொடி ஏற்றியது சட்டென்று பிய்ந்து வரும். ஜிப் உள்ள மெத்தையை விரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் திறக்கக் கூடாது என்று லேபிளில் போட்டிருந்தால் திறக்காதீர்கள். சில மெத்தைகளில் தீப்பிடிக்காமல் இருக்கக் கவருக்குள் கண்ணாடி இழை உறை போட்டிருப்பார்கள். கவரைக் கழற்றினால் அந்த இழை அறை முழுக்கப் பரவும்.

மெமரி ஃபோம் படுக்கைக்காகக் கண்டுபிடித்தது இல்லை. 1966-ல் நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையத்துக்காக சார்லஸ் யோஸ்ட் என்பவர் விமான இருக்கைக்கு உருவாக்கியது. உடம்புச் சூட்டிலும் எடையிலும் இளகி, உடம்பின் வடிவத்தைப் பிடித்துக்கொள்ளும்; ஒருவர் புரள்வது மற்றவருக்குத் தெரியாது. தோள் வலிக்காரர்களுக்கு இது பெரிய நிம்மதி. குறைகளும் அதே குணத்திலிருந்துதான் வருகின்றன. குளிரில் இறுகும், வெக்கையில் இன்னும் இளகும். உடம்பைச் சுற்றி மூடிக்கொள்வதால் சூடு வெளியேறாது. புரண்டு படுக்கும்போது குழியிலிருந்து ஏறி வருகிற மாதிரி இருக்கும், வயதானவர்களுக்கு அது சிரமம். ஜெல் கலந்தது குளுகுளுவென்று இருக்கும் என்பார்கள். தொட்டவுடன் குளிர்ச்சி தெரிவது உண்மைதான், ஆனால் ஜெல்லும் கொஞ்ச நேரத்தில் உடம்புச் சூட்டுக்கு வந்துவிடும். உங்களுக்கு ஏற்கெனவே வியர்க்கிறது என்பதால் தடிமனான மெமரி ஃபோம் அடுக்கு வேண்டாம் என்பேன்.

லேடெக்ஸ் எனக்குப் பிடித்தது, அதை மறைக்கவில்லை. ரப்பர் பாலை நுரைக்கவைத்து வேகவைக்கும் இந்த முறை 1929-ல் டன்லப் நிறுவன ஆய்வகத்தில் பிறந்தது. அச்சில் சூடு பரவுவதற்காக வைக்கும் ஊசிகள்தான் லேடெக்ஸில் நாம் பார்க்கும் வரிசை வரிசையான துளைகள். காற்றோட்டத்துக்கும் அவை உதவுகின்றன. அழுத்தினால் இறங்கும், கையை எடுத்த அடுத்த நொடி எழும்பும், அதனால் புரள்வது சுலபம். இன்னொரு முறையான டலலேயில் நுரையை உறையவைத்து அப்புறம் வேகவைப்பார்கள், அது சற்று மென்மையாக, மேலும் கீழும் ஒரே சீராக இருக்கும். நல்ல லேடெக்ஸ் சாதாரண ஃபோமைவிட வெகு காலம் உழைக்கும். விலை அதிகம், தூக்கிப் புரட்ட இரண்டு ஆள் வேண்டும், இவைதான் தொல்லை. "இயற்கை லேடெக்ஸ்" என்று எழுதியிருந்தால் எத்தனை சதவீதம் என்று கேளுங்கள். இயற்கையும் செயற்கையும் கலந்ததையும் அதே பெயரில் விற்பார்கள். நேரடி வெயிலில் காயப்போடக் கூடாது, வெயில் பட்டால் லேடெக்ஸ் பொடிந்துபோகும். ரப்பர் ஒவ்வாமை உள்ளவர் வீட்டில் இருந்தால் டாக்டரைக் கேட்காமல் வாங்கவேண்டாம்.

ஸ்பிரிங் மெத்தையில் இரண்டு ஜாதி. எல்லாச் சுருளும் கம்பியால் பிணைத்திருக்கும் பானெல் ஒன்று: ஓரிடத்தை அழுத்தினால் பக்கத்தில் இருப்பதும் சேர்ந்து இறங்கும், ஒருவர் எழுந்தால் இன்னொருவர் ஆடுவார். பாக்கெட் ஸ்பிரிங்கில் ஒவ்வொரு சுருளும் தனித் துணிப்பையில் இருக்கும், அதனதன் பாட்டுக்கு இறங்கும். இரண்டு பேர் படுக்கும் கட்டிலுக்கு பாக்கெட் ஸ்பிரிங்தான். ஆயிரம் ஸ்பிரிங், இரண்டாயிரம் ஸ்பிரிங் என்ற கணக்கில் மயங்காதீர்கள். சின்னச் சின்னச் சுருளாகப் போட்டு எண்ணிக்கையை ஏற்றலாம். கம்பியின் கேஜ், அதாவது தடிமனைக் காட்டும் எண், என்ன என்று கேளுங்கள். கேஜ் எண் கூடக் கூடக் கம்பி மெலிசாகும், பலர் இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். ஸ்பிரிங் மெத்தை குழிந்துவிட்டது என்று வருகிற புகார்களில் பெரும்பாலானவற்றில் ஸ்பிரிங் நன்றாகத்தான் இருக்கும், மேலே போட்ட மலிவான ஃபோம்தான் செத்திருக்கும். ஆகவே ஸ்பிரிங்குக்கு மேலே என்ன ஃபோம், எத்தனை அங்குலம், என்ன டென்சிட்டி என்பதையும் சேர்த்துக் கேட்கவேண்டும்.

காயர் மெத்தை, தேங்காய் நாரில் ரப்பர் பால் தெளித்து அழுத்தியது, காற்றோட்டம் உள்ளது, சூடு பிடிக்காது. கெட்டி. மேலே நல்ல ஃபோமோ லேடெக்ஸோ இரண்டு அங்குலமாவது இல்லாமல் ஒருக்களித்துப் படுப்பவருக்கு ஒத்துவராது. வருஷங்கள் போகப் போக நார் அமுங்கித் தட்டையாகும், தூளும் உதிரும். பஞ்சு மெத்தையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை: அடிக்கடி வெயிலில் போட்டு, அவ்வப்போது அடித்துப் பஞ்சு மாற்றத் தயாராக இருப்பவர்களுக்கு நல்லது.

"ஆர்த்தோபெடிக்" என்று அட்டையில் அச்சடிப்பதற்கு உலகம் ஒப்புக்கொண்ட தரக்கட்டுப்பாடு எதுவும் கிடையாது. யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். நடைமுறையில் அந்த வார்த்தை பெரும்பாலும் "கெட்டியானது" என்பதைத்தான் காட்டுகிறது. ஓகோ-டெக்ஸ், செர்ட்டிபியூர் மாதிரி சான்றிதழ்கள் மெய்யானவை. ஆனால் அவை முக்கியமாகப் பார்ப்பது ரசாயனங்களை. படுக்க இதமாக இருக்குமா என்பதற்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை.

கடைக்குப் போகும்போது இரண்டு பேரும் சேர்ந்து போங்கள், வீட்டுத் தலையணையையும் எடுத்துப் போங்கள். கூச்சமாகத்தான் இருக்கும், பரவாயில்லை. ஓரத்தில் உட்கார்ந்து இரண்டு தடவை குதித்துப் பார்ப்பதால் எதுவும் தெரியாது. வழக்கமாக எப்படிப் படுப்பீர்களோ அப்படியே ஒவ்வொரு மெத்தையிலும் பத்துப் பதினைந்து நிமிஷம் படுங்கள். முதல் இரண்டு நிமிஷத்தில் எல்லா மென்மையான மெத்தையும் சொர்க்கம்தான், அதற்குப் பிறகுதான் இடுப்பு உண்மையைச் சொல்லும். அலைந்து களைத்த நேரத்தில் போகாதீர்கள், அப்போது எதில் படுத்தாலும் சுகமாகத்தான் இருக்கும்.

மனைவி மல்லாந்து படுத்திருக்கும்போது அவர் கீழ்முதுகுக்கும் மெத்தைக்கும் நடுவே உள்ளங்கையை நுழைத்துப் பாருங்கள். கை தாராளமாகப் போய் வந்தால் மெத்தை கெட்டி அதிகம். நுழையவே இல்லை, இடுப்பு புதைந்திருக்கிறது என்றால் மென்மை அதிகம். கொஞ்சம் உரசிக்கொண்டு நுழைந்தால் சரி. ஒருக்களித்துப் படுப்பதற்கு வேறு சோதனை: டி-ஷர்ட்டின் பின்புறம் கழுத்திலிருந்து இடுப்பு வரை முதுகெலும்பு வழியாக நீளமாக ஒரு கலர் டேப்பை ஒட்டிக்கொண்டு படுங்கள், பின்னாலிருந்து ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். டேப் படுக்கைக்கு இணையாக நேராக இருந்தால் அந்த மெத்தை உங்களுக்கானது. நடுவில் தொங்கினால் இடுப்பு அதிகம் இறங்குகிறது, அடி போதாது. தோளருகே மேல்நோக்கி முறுக்கிக்கொண்டிருந்தால் மேல் அடுக்கு இடம் கொடுக்கவில்லை. இதைக் கடையில் செய்யக் கூச்சமென்றால் வீட்டுக்கு வந்தபின், பிடிக்காவிட்டால் திருப்பித்தர விடும் ட்ரையல் காலத்தில் செய்யலாம். பிறகு ஒருவர் படுத்திருக்க இன்னொருவர் புரண்டு, எழுந்து, திரும்ப ஏறிப் படுத்துப் பார்க்கவேண்டும். ஓரத்தில் உட்கார்ந்து செருப்பு மாட்டிப் பாருங்கள். ஓரம் சரிந்தால் நாளைக்கு வயதான அம்மாவோ அப்பாவோ எழுந்திருக்கக் கஷ்டப்படுவார்கள்.

அளவு எடுக்கும்போது பழைய மெத்தையை அளக்காதீர்கள், அது விரிந்து போயிருக்கும். கட்டிலின் உள்ளளவை அளங்கள். வீட்டில் உயரமானவரைவிடப் படுக்கை 10 முதல் 15 சென்டிமீட்டராவது நீளமாக இருக்கவேண்டும். தடிமனைக் கட்டில் உயரத்தோடு கூட்டிப் பார்ப்பது முக்கியம், இதைப் பலர் மறந்துவிடுவார்கள்: உட்காரும்போது பாதம் முழுதும் தரையில் படவேண்டும், முழங்கால் ஏறக்குறைய நேர்கோணத்தில் இருக்கவேண்டும். உயரமான கட்டிலில் 12 அங்குல மெத்தையைப் போட்டுவிட்டுக் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்காருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தடிமன் கூடினால் தரமும் கூடும் என்று இல்லை. உங்கள் எடைக்கு 8 முதல் 10 அங்குலத்துக்குள் நல்லதாகவே கிடைக்கும்.

பழைய மெத்தையின்மேல் டாப்பர், அதாவது மேலே விரிக்கும் மெல்லிய மெத்தை, போட்டுச் சமாளிக்கலாமா என்று பலர் கேட்பார்கள். மெத்தை மட்டமாக இருக்கிறது, கெட்டிதான் பிரச்சினை என்றால் தாராளமாகப் போடலாம், இரண்டு அங்குல லேடெக்ஸ் டாப்பர் பெரிய மாற்றத்தைத் தரும். குழிந்த மெத்தைக்கு அது உதவாது. டாப்பரும் அந்தக் குழிக்குள்ளேயே இறங்கிப் படுத்துக்கொள்ளும்.

உங்கள் இருவர் விஷயத்தில் என் தேர்வு இது: பாக்கெட் ஸ்பிரிங் அடி, மேலே இரண்டு முதல் மூன்று அங்குல லேடெக்ஸ், மொத்தத்தில் நடுத்தரக் கெட்டி. காற்றோட்டம் இருப்பதால் வியர்வை குறையும், ஒருவர் புரள்வது மற்றவரை எழுப்பாது. ஆனால் 85-க்கும் 55-க்கும் 30 கிலோ வித்தியாசம். படுத்துப் பார்க்கும்போது உங்களுக்குப் பொருந்துவது அவருக்குக் கல்லாகத் தெரிந்தால் விட்டுக்கொடுக்கிற வேலையெல்லாம் வேண்டாம். ஒரே தடிமனில் இரண்டு ஒற்றை மெத்தையாக, வேறு வேறு கெட்டியில் வாங்கி ஒட்டிப் போடுங்கள். நடுவில் விழும் சந்தை மூட இணைப்புப் பட்டை கிடைக்கும், அல்லது ஒரே பெரிய புரொடெக்டரை (மெத்தையைக் காக்கும் உறை) இரண்டுக்கும் சேர்த்து மாட்டினால் சந்து அவ்வளவாகத் தெரியாது. இருபுறமும் வேறு வேறு கெட்டியாக ஒரே மெத்தையாகச் செய்துதருகிற கம்பெனிகளும் உண்டு. கைக்குழந்தை பக்கத்தில் படுக்கும் என்றால் மட்டும் ஒரு எச்சரிக்கை: ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குப் பெரியவர்களின் மென்மையான மெத்தை ஆபத்து, முகம் புதைந்தால் மூச்சு முட்டும். அதற்குத் தனியாகக் கெட்டியான, மட்டமான படுக்கை வேண்டும்.

பில் போடுவதற்கு முன் ட்ரையலையும் வாரண்டியையும் தனித்தனியாகப் படியுங்கள். பிடிக்கவில்லை என்று திருப்பிக் கொடுப்பதற்கு ட்ரையல். வாரண்டி என்பது மெத்தையில் பழுது இருந்தால் மட்டும். இதமாக இல்லை என்பது அவர்கள் கணக்கில் பழுதே இல்லை. எத்தனை அங்குலம் குழிந்தால் பழுது என்று ஒத்துக்கொள்வார்கள் என்பது சின்ன எழுத்தில் இருக்கும். ஒன்றரை அங்குலம் என்று போட்டிருந்தால், ஒரு அங்குலக் குழியில் நீங்கள் முதுகு வலியோடு படுத்துக்கொண்டே இருக்கவேண்டியதுதான். கறை பட்டால் வாரண்டி செல்லாது என்பதும் அநேகமாக எல்லாவற்றிலும் இருக்கும். அதனால் முதல் இரவே புரொடெக்டர் போட்டுவிடுங்கள். தண்ணீர் புகாத, ஆனால் மெலிசான, துணி மாதிரி இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். மொடமொடவென்று பிளாஸ்டிக் சத்தம் வருவது வியர்வையைக் கூட்டும். திருப்பி எடுக்கும்போது ஏற்றுக்கூலி யார் தலையில், பணம் முழுதாக வருமா, பாதி கழிப்பார்களா என்பதையும் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

சுருட்டிப் பெட்டியில் அடைத்து வரும் மெத்தையென்றால் வந்த உடனே பிரித்து விரித்துவிடுங்கள், பெட்டியிலேயே மாதக்கணக்கில் வைக்கவேண்டாம். முழு உயரத்துக்கு எழும்ப ஒன்றிரண்டு நாள் ஆகலாம். புது ஃபோம் வாசனை சில நாள் இருக்கும், ஜன்னலைத் திறந்து வைத்தால் போய்விடும். முதல் வாரம் ஒருமாதிரியாகத்தான் இருக்கும். பத்து வருஷம் குழியில் படுத்துப் பழகிய உடம்புக்கு மட்டமான படுக்கை அந்நியம். இரண்டு மூன்று வாரம் கொடுங்கள், புது ஃபோமும் அதற்குள் கொஞ்சம் இளகும். நாலு வாரம் தாண்டியும் வலி குறையவில்லை, அல்லது புதிதாக ஒரு இடத்தில் வலி வந்திருக்கிறது என்றால் ட்ரையல் முடிவதற்குள் திருப்பிவிடுங்கள்.

ஆனால் கழுத்து மட்டும் வலித்தால் மெத்தையைத் திருப்புவதற்கு முன் தலையணையைப் பாருங்கள். மெத்தை மாறினால் தலையணையின் உயரமும் மாறியாகவேண்டும். பழைய மெத்தையில் தோள் ஆழமாக இறங்கியதால் மெல்லிய தலையணை போதுமானதாக இருந்திருக்கும். புதியதில் தோள் அவ்வளவு இறங்காது, தலைக்கும் படுக்கைக்கும் நடுவே இடைவெளி கூடிவிடும், இன்னும் கொஞ்சம் உயரமான தலையணை வேண்டியிருக்கும். புதிது வாங்குமுன் ஒரு டவலை மடித்துத் தலையணை உறைக்குள் வைத்து, மடிப்பைக் கூட்டிக் குறைத்து எந்த உயரம் ஒத்துவருகிறது என்று கண்டுபிடித்துவிடலாம். மல்லாந்து படுப்பதால் மனைவிக்கு இது அநேகமாகத் தேவைப்படாது.

அப்புறம், மூன்று நாலு மாதத்துக்கு ஒருமுறை தலைமாட்டைக் கால்மாடாகத் திருப்பிப் போடுங்கள். இப்போது வரும் மெத்தைகளில் பெரும்பாலானவற்றுக்கு ஒரு பக்கம்தான் மேல்பக்கம், அவற்றைக் கவிழ்த்துப் போடக் கூடாது. திருப்பிய தேதியை மெத்தையின் ஓர லேபிளில் பேனாவால் எழுதிவைத்தால் மறக்காது. அந்த லேபிளை மட்டும் வெட்டி எறிந்துவிடாதீர்கள். வாரண்டிக்குப் போனால் பில்லோடு சேர்த்து அதையும் கேட்பார்கள்.